பழத்தோடு நிற்கும் செடியை வாங்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். பின்வளவில் சின்னப் பாத்தி ஒன்று உண்டு. போன சனிக்கிழமை தோட்டக் கடையில் பழம் தொங்கும் ராஸ்பெரிச் செடிகளைத் தொட்டியோடு பார்த்தோம். ஒன்று 15 பவுண்ட். பிள்ளைகள் விடுகிறார்கள் இல்லை. ஆறு வாங்கவா?

பதில்: ஜூன் மாதத்தில் ராஸ்பெரிச் செடி வாங்குவது பொங்கலுக்கு முதல் நாள் கரும்பு வாங்குவது போல. பிள்ளைகளுக்காக ஒன்று வாங்குங்கள், போதும். மிச்ச ஐந்துக்கும் நவம்பர் வரை பொறுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை, இலை உதிர்ந்து உறங்கும் தண்டுகளை மண்ணில்லாமல் வெறும் வேரோடு கட்டாகக் கட்டி விற்பார்கள். விலை மிகக் குறைவு. பார்க்க விறகுக் குச்சி மாதிரித்தான் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கட்டை மாமி குப்பை என்று நினைத்து வெளியே வைத்துவிட்டார்!

வாங்கும்போது எந்த வகை என்று கேளுங்கள். கோடையில் காய்க்கும் வகைகள் முந்தைய ஆண்டு வளர்ந்த தண்டில்தான் பழம் தரும். ஆகவே குளிர்காலத்தில் நட்டால் ஒழுங்கான விளைச்சலுக்கு இரண்டாம் கோடை வரை காத்திருக்க வேண்டும். ‘ஆட்டம் பிளிஸ்’ போன்ற இலையுதிர்கால வகைகள் அந்த ஆண்டுத் தண்டிலேயே ஆகஸ்ட் கடைசியில் காய்க்கத் தொடங்கும். பெப்ரவரியில் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டிவிடலாம், வேறு கணக்கு வேண்டாம். பொறுமை இல்லாத வீட்டுக்கு இதுதான் சரி.

ஸ்ட்ரோபெரிக்குக் காசே தேவையில்லை. பக்கத்து வீட்டுச் செடி ஜூலையில் ஓடுகொடி விடும். அதன் நுனிக் கன்றைச் சின்னத் தொட்டி மண்ணில் ஊன்றி, வேர் பிடித்ததும் வெட்டி எடுத்தால் உங்கள் செடி.

கேள்வி: தபாலில் வந்த வெறுவேர்க் கன்று ஏப்ரல் வரை துளிர்க்கவில்லை. நட்டது டிசம்பரில். 30 நாள் கடந்துவிட்டது என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் சொல்வது பாதி உண்மை. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்க 30 நாள்தான். ஆனால் அதன் பிறகும் மாற்றுக் கன்று கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியவர் கடைக்காரர். நீங்கள் தண்ணீர் விடவில்லை என்று அவர் வாதாடலாம். அதனால் அடுத்த முறை கட்டைப் பிரித்தவுடன் வேரைப் படம் எடுத்து வையுங்கள். வேர் காய்ந்து முறிந்தால் நடாமல் அன்றைக்கே எழுதுங்கள்.

கேள்வி: கரிக்குருவி எல்லாப் பழத்தையும் கொத்துகிறது. மலிவான நைலோன் வலை போதுமா?

பதில்: வேண்டாம். தளர்ந்து தொங்கும் மெல்லிய வலையில் குருவியின் காலும் முள்ளெலியின் கழுத்தும் மாட்டிக்கொள்ளும். ஒருநாள் விடியற்காலையில் வலையை அறுத்து, மாட்டிய உயிரை எடுத்துப் பார்த்தால் மறுபடி அந்த வலையை வாங்க மாட்டீர்கள். நெருங்கிய கண்ணுள்ள விறைப்பான வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். பூக்கும் காலத்தில் திறந்து விடுங்கள். தேனீ வராவிட்டால் ஸ்ட்ரோபெரி கோணல்மாணலாகத்தான் காய்க்கும். பழம் முடிந்ததும் வலையைக் கழற்றி மடித்து வையுங்கள். நான் ஒரு புதரை மூடாமலே விட்டிருக்கிறேன். அது கரிக்குருவியின் பங்கு.

கேள்வி: கொட்டகையில் பழைய நத்தைக்கொல்லி நீலக் குருணை ஒரு டப்பா இருக்கிறது. போடலாமா?

பதில்: டப்பாவைப் படியுங்கள். மெட்டல்டிஹைட் என்று இருந்தால் கூடாது. 2022 ஏப்ரல் முதல் பிரிட்டனில் அதை வெளியில் பயன்படுத்தத் தடை. குப்பையிலோ கழிவுநீரிலோ கொட்டாமல், கவுன்சிலின் அபாயக் கழிவு ஏற்கும் இடத்தைக் கேட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.