கிறிஸ்தவ வாழ்வில் தயவாயிருப்பதை எப்படிப் பழகுவது?

தினமும் ஜெபமும் வேதவாசிப்பும் இருந்தும் வீட்டிலும் வேலையிடத்திலும் எரிந்து விழும் குணம் தம்மைவிட்டுப் போகவில்லை என்றும், தயவாக இருக்கப் பழகினால் ஊரார் தம்மை ஏமாளியாக்கிவிடுவார்களோ என்று அஞ்சுவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் இறையியல் படித்தவன் அல்லன். மதுரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். என் சபையின் கமிட்டியில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். கேட்டவருக்கு உள்ள நோய் எனக்கும் உண்டு என்பதுதான் இங்கே பதில் எழுத எனக்கிருக்கும் தகுதி.

முதலில் அந்தச் சொல்லையே பார்த்துவிடலாம். கலாத்தியர் 5:22-இல் ஆவியின் கனியைச் சொல்லிவரும் பவுல், நீடிய பொறுமைக்கு அடுத்ததாகத் தயவை வைக்கிறார். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அது 'பரிவு' என்று இருக்கும். மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் 'கிரேஸ்தோத்தேஸ்'. அதோடு பிறந்த 'கிரேஸ்தோஸ்' என்ற சொல் இயேசுவின் வாயிலேயே ஓரிடத்தில் வருகிறது என்றாலும், தமிழில் வாசிக்கும்போது அது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மத்தேயு 11:30-இல் 'என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது' என்கிறாரே, அங்கே 'மெதுவாய்' என்று நிற்பது அந்தச் சொல்தான். திருவிவிலியம் அதையே 'என் நுகம் அழுத்தாது' என்கிறது. (கிறிஸ்தவர் என்ற பெயரை ரோமர்கள் இந்தச் சொல்லோடு குழப்பித் தவறாக உச்சரித்ததும், தவறாகச் சொன்னாலும் அதற்கு இனிமை, தயவு என்றுதானே பொருள் என்று ஆதிச் சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன் பதில் சொன்னதும் தனிக் கதை.)

நுகம் அழுத்துவது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் என் தாத்தா. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவருக்கு ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் திறப்பதற்கு முன்பே, ஆசாரி மஞ்சணத்திக் கட்டையில் புது நுகத்தடி செதுக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். தாத்தா அதை உடனே மாட்டின் கழுத்தில் வைக்க மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, உடைந்த சோடா பாட்டிலின் சில்லால், கழுத்தில் படுகிற இடத்தை மட்டும் நெடுநேரம் சுரண்டுவார். பூப்பூவாகத் தூள் உதிரும். பிறகு தம்முடைய முழங்கையின் உட்பக்கத்தை அதில் தேய்த்துப் பார்த்து, சிராய்க்கிறது என்றால் மறுபடியும் சுரண்டுவார். உழவு முடிந்து மாலையில் பூட்டாங்கயிற்றை அவிழ்த்ததும் அவர் செய்யும் முதல் வேலை, இரண்டு மாடுகளின் கழுத்தையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது. மயிர் தேய்ந்திருந்தால் அன்று இரவே வேப்பெண்ணெய். ஏன் தினமும் இப்படி என்று கேட்டதற்கு, "மாடு வாயைத் திறந்து சொல்லுமாடா? நாமதேன் தடவிப் பாக்கணும்" என்றார். இயேசு தச்சராக இருந்தபோது கலப்பைகளும் நுகங்களும் செய்தவர் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே இரத்தசாட்சியான யுஸ்தீன் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து அதை அறிந்தபோது, திண்ணையும் சோடா பாட்டில் சில்லும்தான் என் நினைவுக்கு வந்தன.

தாத்தா நுகத்தைக் கழற்றிவிட்டு மாடுகளைச் சும்மா நிறுத்திவைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உழவு நடந்தது, நடக்கத்தான் வேண்டும். ஏமாளியாகிவிடுவோமோ என்ற அச்சத்துக்கு என் பதில் அதிலேயே இருக்கிறது. தயவுள்ளவன் வேலை வாங்கலாம், கணக்குக் கேட்கலாம், முடியாது என்றும் சொல்லலாம். அவன் வைக்கிற நுகம் கழுத்தைப் புண்ணாக்காது, அவ்வளவுதான். அப்படியும் சிலர் நம்மை ஏமாற்றத்தான் செய்வார்கள். லூக்கா 6:35 அதை மறைக்கவில்லை. நன்றியறியாதவர்களுக்கும் துரோகிகளுக்கும் தேவன் நன்மை செய்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் நம்மையும் அழைக்கிறது.

என்னுடைய தவறு ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சபையில் மாதம் ஒருமுறை ஏழை விதவைகளுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுப்பது வழக்கம். அந்தப் பொறுப்பு இரண்டு ஆண்டுகள் என்னிடம் இருந்தது. ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பக்கவாட்டில் மேசை போட்டு, நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, வரிசையில் வருகிறவர்களிடம் மகன் என்ன வேலை பார்க்கிறான், பென்ஷன் வருகிறதா, போன மாதம் ஏன் வரவில்லை என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டுக் குறித்துக்கொள்வேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் ஒருமுறை, வயதான அம்மா ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அஞ்சு கிலோ அரிசிக்கு இம்புட்டுக் கேள்வியா தம்பி?" என்றார். கணக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று நான் சிடுசிடுத்தேன். அவர் மறுபேச்சு இல்லாமல் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, மிக நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் அவர் வரவில்லை.

லெந்து முடிந்து சித்திரைத் திருவிழா வந்தது. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று எங்கள் தெருமுனையில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலில் நின்ற இளைஞர்கள், வெயிலில் நடந்துவருகிற ஒவ்வொருவரையும் "வாங்கத்தா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க", "அண்ணே, பானகமும் இருக்கு" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார்கள். குடிக்க வருகிறவர் தமக்கு உபகாரம் செய்வதுபோல இருந்தது அவர்கள் பேச்சு. யார், எந்த ஊர், எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்ற கேள்வியே அங்கே இல்லை. நானும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். என் மேசையும் நோட்டும் கண்முன் வந்து நின்றன, மோர் இறங்கவில்லை.

தொழிலிலும் இதே கதைதான். ஒருமுறை கடைப்பையன் முகூர்த்த நேரத்தைத் தவறாகக் கோர்த்துவிட, ஐந்நூறு பத்திரிகைகள் வீணாயின. வாடிக்கையாளர் முன்னாலேயே அவனைக் கத்தித் தீர்த்தேன். அதன் பலன், அடுத்த முறை ஒரு பிழை கண்ணில் பட்டபோது அவன் என்னிடம் சொல்லாமல் கட்டுக்கட்டி அனுப்பிவிட்டான். பெண் வீட்டார் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தேவதயவே மனிதனைக் குணப்படும்படி ஏவுகிறது என்று ரோமர் 2:4 சொல்வதை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். பயம் ஏவினால் மனிதன் பிழையை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்கிறான் என்பதை அந்தப் பையனிடம்தான் படித்தேன்.

எப்படிப் பழகுவது என்ற கேள்விக்கு, நான் செய்துவருவது ஒன்றே ஒன்று. இரவு ஜெபத்தில், அன்றைக்கு என் நுகம் யார் யார் கழுத்தில் இருந்தது என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன்: மனைவி, பிள்ளைகள், கடைப்பையன், வாசல் பெருக்கும் அக்கா, பேரம் பேசி நான் இறங்கிய ஆட்டோக்காரர். யாரிடம் சிராய்த்தது என்று தெரிந்துவிட்டால், மறுநாள் காலையில் முதல் பேச்சு அவரிடம். பொதுவாக 'என் கோபத்தை மன்னியும்' என்று ஜெபித்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு எந்த மாற்றமும் வரவில்லை. ஆள் ஆளாகத் தடவிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஏதோ கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் இன்னும் என் வசத்தில் இல்லை. ஆலயத்துக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டையே இரண்டாக்கிவிட்டு, அரைமணி நேரத்தில் பாமாலையைத் திறந்து பாடுகிற பாவி நான்.

அரிசி வாங்க வராமல் நின்றுவிட்ட அந்த அம்மாவை, திருவிழா முடிந்த அடுத்த வாரமே தேடிப் போனேன். இரண்டு மாத அரிசியையும் நானே சுமந்துகொண்டு சந்துக்குள் நுழைந்தபோது, அவர் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உள்ளே அழைத்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, வேண்டாம் என்றாலும் கேளாமல் கருப்பட்டிக் காபி கொடுத்தார். அன்று நான் பேசியது தப்பு அம்மா என்றேன். "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு, குடிங்க" என்றவர், பையை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"கையெழுத்து எங்க போடணும், தம்பி?"

நோட்டை நான் கொண்டுபோகவில்லை.