திறப்பை வாங்குமுன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

வீடும் வளவும்: வாசகர் கேள்வி பதில்

(பதில் தருபவர் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் 31 வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: என் கணவர் பொலிஸ் உத்தியோகத்தர். புதிதாகக் கட்டிய குடும்ப விடுதியில் எங்களுக்கு ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த வாரம் திறப்புத் தருவார்களாம். போய்ப் பார்த்தபோது குளியலறைச் சுவரில் இப்போதே ஈரம் தெரிந்தது. இளைய மகளுக்குத் தொய்வு இருக்கிறது. "அரசாங்க வீடு, வாடகை குறைவு, குறை சொல்லப் போகாதே" என்கிறார் கணவர். நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
- வாசகி, கல்முனை

பதில்: மகள், நீங்கள் குறை சொல்லத்தான் வேண்டும். அதையும் இப்போதே சொல்ல வேண்டும். அரச கட்டடத்தைக் கட்டி முடித்த ஒப்பந்தகாரருக்கு முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிடுவதில்லை. வழமையாக ஒப்பந்தப் பெறுமதியில் 5 வீதத்தைப் பிடித்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதில் பாதியை விடுவிப்பார்கள். மீதிப் பாதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை கொடுபடாமல் இருக்கும். அந்தக் காலம் பெரும்பாலும் 12 மாதம். அதற்குள் எழுத்தில் அறிவித்த குறையை ஒப்பந்தகாரர் தம் செலவில் திருத்தித் தர வேண்டும். அது கடந்துவிட்டால் ஒரு குழாயை மாற்றுவதற்கும் நிதி ஒதுக்கீடு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. அந்த 12 மாதமும் நீங்கள் திறப்பை வாங்கும் நாளில் தொடங்குவதில்லை. வேலை முடிந்ததாகச் சான்றிதழில் குறித்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. நான் சேவையில் இருந்தபோது ஒரு விடுதித் தொகுதி மாசி மாதம் முடிந்தது. திறப்பு விழாவுக்கு நாள் அமையாமல் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. ஐப்பசியில் குடும்பங்கள் குடியேறின. கார்த்திகை மழையில் ஆறு வீடுகள் ஒழுகின. எல்லோரும் வாயால் முறையிட்டார்கள், ஒருவரும் எழுதவில்லை. மாசியில், பிடித்து வைத்திருந்த மீதிப் பணமும் ஒப்பந்தகாரருக்குப் போய்விட்டது. பங்குனியில்தான் முதல் கடிதம் வந்தது. அதைக் கையில் வாங்கியவன் நான். ஒழுக்குக்குப் பயந்து பிள்ளைகளின் பாயை அறையின் ஒரு மூலைக்குள் ஒதுக்கிப் போட்டிருந்த அந்த வீடுகளை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே முதலில் அந்தச் சான்றிதழின் திகதியைக் கேளுங்கள். சொல்ல மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள், தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். கணவர் கேட்கத் தயங்கினால் நீங்களே கேட்கலாம். அந்த உரிமை எல்லாப் பிரசைகளுக்கும் உண்டு.

வீட்டைப் பார்க்கக் காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போங்கள். சாய்ந்து விழும் வெயிலில் சுவரின் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். ஒரு வாளி, ஒரு டோர்ச், ஒரு பழந்துணி, பென்சில், ஒரு நாணயம் இருந்தால் போதும்.

குளியலறையில் தொடங்குங்கள். ஒரு வாளித் தண்ணீரை வாசற்பக்கமாக ஊற்றுங்கள். அது தானாகவே வடிதுளையைத் தேடி ஓட வேண்டும். மூலையில் தேங்கினாலும் அறைக்குள் திரும்பி வந்தாலும் தரையின் வாட்டம் பிழை. பிறகு துளையைத் துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வாருங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்து, சுவரின் மறுபக்கமும் நனைந்திருந்தால், தரைக்கு நீர்காப்புப் பூச்சு சரியாகப் போடவில்லை என்று எழுதலாம்.

ஈரம் தன் கதையைத் தானே சொல்லும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு ஒரே பட்டையாக ஏறியிருந்தால், அத்திவாரத்துக்கு மேல் போட வேண்டிய ஈரத்தடுப்புப் படையில் குறை இருக்கக்கூடும். தண்ணீர்க் குழாய்க்கு அருகில் திட்டாக இருந்தால் சுவருக்குள் ஓடும் குழாயில் ஒழுக்கு. மேலிருந்து இறங்கினால் கூரை. குழாய்தானா என்று உறுதிப்படுத்த எளிய வழி இருக்கிறது: எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் இறுக மூடிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் எண் நகர்ந்திருந்தால் தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சுவருக்குத் திரும்பவும் பெயின்ற் அடித்துத் தருகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயின்றுக்குப் பின்னால் ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் தொய்வுக்காரப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. ஒழுக்கை நிறுத்தி, ஊறிய பூச்சைக் கொத்தி, சுவர் காய்ந்த பிறகு பூசுவதுதான் திருத்தம்.

சுவர்களை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். நன்றாகப் பிடித்த பூச்சு கணீரென்று ஒலிக்கும். சுவரை விட்டுவிட்ட பூச்சு பொத்தென்று ஒலிக்கும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். கதவு, யன்னல் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பாருங்கள். நம் கரையில் மாரிமழை வடகிழக்கிலிருந்து அடிக்கும் என்பதால் அந்தப் பக்கத்து யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

மின்சாரத்தில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. ட்ரிப் சுவிச்சில் பரிசோதனைக்கென்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதைத் திருத்தாமல் அந்த வீட்டில் ஓர் இரவும் தங்காதீர்கள்.

கண்டதையெல்லாம் அறை வாரியாக, திகதியிட்டு இரண்டு பிரதி எழுதுங்கள். வெடிப்பைப் படமெடுக்கும்போது பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து எடுங்கள். ஒரு பிரதியை நிலையப் பொறுப்பதிகாரி வழியாகக் கொடுத்து, மற்றதில் கையொப்பம் வாங்குங்கள். பொறுப்பேற்கும் படிவத்தில் "குறைபாடு எதுவுமில்லை" என்று இருந்தால், "இணைத்துள்ள பட்டியலிலுள்ள குறைகள் நீங்கலாக" என்று எழுதிவிட்டு ஒப்பமிடச் சொல்லுங்கள். மேலதிகாரிகளைக் குறை சொன்னதாக ஆகுமோ என்ற கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சுவரைக் கட்டியவர்கள் அவர்கள் அல்ல. இடமாற்றம் வந்து வீட்டை ஒப்படைக்கும் நாளில், உடைந்தது எல்லாம் நீங்கள் உடைத்தது அல்ல என்று காட்டப்போவதும் இந்தப் பட்டியல்தான்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு 2007இல் எங்களுக்குக் கிடைத்த வீடு. விறாந்தை வளையில் நீளவாட்டில் வெடித்து, கொங்கிறீட் கழன்று விழுந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கொத்திப் பூசிவிட்டால் சரி என்கிறார் மேசன். கட்டித் தந்த நிறுவனம் இப்போது நாட்டில் இல்லை.
- வாசகர், மட்டக்களப்பு

பதில்: தம்பி, பூச வேண்டாம். முதலில் அந்த வளைக்குக் கீழே இரண்டு இடத்தில் உறுதியான மரமுட்டுக் கொடுங்கள். பிள்ளைகளை விறாந்தையில் படுக்கவிடாதீர்கள்.

இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பருக்கும். அது உள்ளிருந்து தள்ளுவதால்தான் வெடிப்பு கம்பி ஓடும் வழியே நீளமாக ஓடுகிறது. துருவின் மேல் புதுப் பூச்சு போட்டால் அடுத்த மாரிக்குள் அதையும் தள்ளி விழுத்திவிடும். காசும் போய், கம்பி மெலிந்துகொண்டிருப்பதும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

ஏன் துருப்பிடித்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் மக்கள் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் இருந்தார்கள். வீடுகளை அவசரமாகக் கட்டினோம். 2006இல் ஒரு திட்டத்தில் கடற்கரை மணலைக் கழுவாமல் குழைப்பதைக் கண்டேன். சவர்த் தண்ணீர்க் கிணற்றிலிருந்து வாளி வாளியாக ஊற்றினார்கள். நிறுத்தச் சொன்னேன். அன்று நிறுத்தினார்கள், நான் வேறு இடத்துக்குப் போன நாட்களில் என்ன நடந்தது என்று பார்க்க ஆள் இல்லை. உப்பு கொங்கிறீட்டுக்குள் போய்விட்டால் கம்பியைச் சுற்றியிருக்கும் பாதுகாப்பை அது தின்றுவிடும். கம்பிக்கு வெளியே போதிய கனத்துக்குக் கொங்கிறீட் விடாமல் அச்சுப் பலகையோடு ஒட்டிக் கம்பியை வைத்ததும் இன்னொரு காரணம். அந்தத் திட்டத்துக் குடும்பங்களை இப்போதும் சந்தையில் காண்கிறேன். கண்ட இடத்தில் நின்று, வளை எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன்.

திருத்தும் முறை இதுதான். சுத்தியலால் தட்டி, பொத்தென்று ஒலிக்கும் கொங்கிறீட் முழுவதையும் அகற்ற வேண்டும். கம்பியின் முன்பக்கத்தோடு நிறுத்தினால் போதாது. பின்புறமாக விரல் நுழையும் அளவுக்கு, ஏறத்தாழ ஓர் அங்குலம், குடைய வேண்டும். நல்ல கம்பி தொடங்கும் இடம்வரை நீளத்திலும் போக வேண்டும். பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்து உலோகத்தின் நிறத்தைக் காண வேண்டும். கம்பி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருந்தாலோ, குறுக்கு வளையங்கள் அறுந்திருந்தாலோ மேசனின் வேலை அங்கே முடிகிறது. பொறியியலாளர் பார்த்து, புதுக் கம்பி எவ்வளவு, எப்படிப் பிணைப்பது என்று சொல்ல வேண்டும். மெலியாவிட்டால் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, கொங்கிறீட் திருத்தத்துக்கென்றே விற்கும் சாந்தை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பி, ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். அந்த ஏழு நாளை யாரும் மதிப்பதில்லை. இரண்டாம் நாளே சாக்கை எடுத்துவிடுகிறார்கள். கலவைக்குக் கழுவிய ஆற்று மணலும், குடிக்கக்கூடிய தண்ணீரும் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இதைச் செய்தாலும் மற்ற இடங்களில் உப்பு இருக்கத்தான் செய்யும். வருடத்துக்கு ஒருமுறை, மாரி முடிந்ததும், எல்லா வளைகளையும் தட்டிப் பாருங்கள். இன்னொன்று: உங்கள் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே வரைபடம், ஒரே மணல். உங்கள் வளையில் வந்தது அயல்வீட்டிலும் வந்துகொண்டிருக்கும். பத்து வீட்டார் சேர்ந்து ஒரு பொறியியலாளரை ஒரே நாளில் கூப்பிடுங்கள். செலவு பத்தில் ஒன்றாகும். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தையும் பத்துப் பேராகவே எழுதுங்கள்.

கேள்வி: வயற்காணியை நிரப்பிக் கட்டிய வீடு. யன்னல் மூலையிலிருந்து சரிவாக, படிப்படியாக ஒரு வெடிப்பு. பயப்பட வேண்டுமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பூச்சில் மட்டும் வலைபோல மயிரிழையாக ஓடினால் பயமில்லை. கல்லின் மூட்டு வழியே படியாக ஏறுவது அத்திவாரம் ஒருபக்கமாக இறங்குவதைக் குறிக்கலாம். அது இன்னும் இறங்குகிறதா, நின்றுவிட்டதா என்பதே கேள்வி. வெடிப்புக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சீமெந்தால் ஒட்டி, திகதி எழுதுங்கள். புரட்டாதியிலிருந்து மாசிவரை, ஒரு கோடைமுடிவும் ஒரு முழு மாரியும், பார்க்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் அசைவு தொடர்கிறது. அகலம் 5 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ கதவு இறுகத் தொடங்கினாலோ அதுவரை காத்திராமல் பொறியியலாளரிடம் போங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறது என்றால் இந்த வாரமே பீலி போடுங்கள். பாதி வீடுகளில் அத்திவாரத்தைக் கரைப்பது அந்தத் தண்ணீர்தான்.

கேள்வி: சீற் கூரை ஆணித்துளை வழியாக ஒழுகுகிறது. தார் பூசலாமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தார் ஒரு கோடைக்குத்தான். ஆணி சீற்றின் மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் இருந்தால் எதைப் பூசினாலும் ஒழுகும். அந்தத் துளையை முறையாக அடைத்து, மேட்டில் புதிதாக நாகப்பூச்சுக் கொளுக்கியும் வாசரும் போட வேண்டும். சீற் அஸ்பெஸ்ரஸ் என்றால் துளையிடுமுன் நனைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூளை மூச்சில் எடுக்கக் கூடாது. நேரே மிதித்து ஏறாமல், வளைமரங்களின் மேல் பலகை போட்டு ஏறச் சொல்லுங்கள்.

கல்முனை வாசகிக்கு, விட்டுப்போனது ஒன்று: திறப்பை வாங்கும் நாளன்று நீர்மானியிலும் மின்மானியிலும் இருக்கும் எண்களைப் பட்டியலின் முதல் வரியாக எழுதுங்கள். கட்டும்போது ஓடிய தண்ணீருக்கும் மின்சாரத்துக்குமான கட்டணப் பட்டியல் உங்கள் பெயருக்கு வர வேண்டியதில்லை.