வாசகர் கேள்வி – பதில்: பசுமைத் திட்டத்துக்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: எங்களுடையது சொந்தச் சாயப்பட்டறையும் உள்ள பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். வெளிநாட்டு பையர் ஒருவர், நிலைத்தன்மைத் திட்டத்தை எழுத்துமூலம் கேட்கிறார். கூரையில் சோலார், வளாகத்தில் மரக்கன்றுகள், கேன்டீனில் பிளாஸ்டிக் கப் ஒழிப்பு என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். இவற்றுக்கு ஏற்ற ஆய்வு ஆதாரங்களைச் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பொருத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் உங்கள் முதலாளி. ஆய்வுகள் முதலில் சொல்ல வேண்டியது, உங்கள் பொருளால் ஏற்படும் சுற்றுச்சூழல் சுமை எந்தக் கட்டத்தில் அதிகம் என்பதையே. அதைக் கண்டறியும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். ஐஎஸ்ஓ 14040, 14044 ஆகிய தரநிலைகள் அதன் வழிமுறையை வகுக்கின்றன. லெவி ஸ்ட்ராஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட இத்தகைய மதிப்பீட்டில், ஒரு ஜீன்ஸின் ஆயுளில் செலவாகும் சுமார் 3,781 லிட்டர் நீரில் 68 சதவீதம் பருத்திச் சாகுபடிக்கும், 23 சதவீதம் வாங்கியவர் வீட்டில் துவைப்பதற்கும் போவதாகத் தெரிந்தது. தொழிற்சாலைக் குழாயை மட்டும் இறுக்கி மூடியிருந்தால், நீரின் பெரும்பகுதியை அந்த நிறுவனம் தொட்டிருக்கவே முடியாது.

உங்கள் ஊரில் இந்தக் கணக்கு வேறு விதமாகவும் விரிகிறது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் கெட்டதையடுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாத பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்றத்தை எட்டினால்தான் அவை மீண்டும் இயங்கலாம் என்றானதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆற்றுக்கு அது அவசியமான தீர்வு. ஆனால் எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் பிரிந்து வரும் அடர் உப்புநீரை ஆவியாக்கிகளில் காய்ச்ச நிறைய நீராவியும் மின்சாரமும் தேவைப்படுகின்றன. அதாவது, நீரில் இறங்கிய சுமையின் ஒரு பகுதி காற்றுக்கு ஏறியிருக்கிறது.

எனவே காய்ச்சுவதற்கு முன்பே உப்பைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். ரியாக்டிவ் சாயமேற்றலுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு போடுவதாக வைத்துக்கொண்டால், துணிக்கும் நீருக்குமான விகிதம் (பட்டறைப் பேச்சில் எம்.எல்.ஆர்.) 1:20ஆக உள்ள பழைய வின்ச் சாயமேற்றும் இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு 1,200 கிராம் உப்பு செலவாகும், 1:6இல் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் 360 கிராம் போதும். சூடாக்க வேண்டிய நீர், எரிக்கும் விறகு, ஆவியாக்கியின் பாரம் ஆகியவையும் கூடவே குறையும். முதலாளியின் பட்டியலில் இல்லாத இந்த ஒன்றுதான் உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்துக்குத் தகுதியானது என்பது என் கருத்து.

சோலார் நல்ல முடிவுதான். இந்திய மின்தொகுப்பின் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால் அதன் பலனை எளிதில் கணக்கிடலாம். மரக்கன்றுகளை நிழலுக்காக நடுங்கள். கப் விஷயத்துக்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

கேள்வி: துணிவகைகளுக்கு மதிப்பெண் தரும் ஆயத்தக் குறியீடுகளைப் பயன்படுத்தினால் வேலை சுலபமாகாதா?
– வாசகி, கரூர்

பதில்: வேலை சுலபமாகும், ஆனால் அதில் வரும் எண் உங்களுடையதாக இருக்காது. அத்தகைய குறியீடுகளில் ஒன்றான ஹிக் குறியீட்டின் தரவை வைத்து ஓர் ஆடை நிறுவனம் செய்த விளம்பரம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதாக நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2022இல் அறிவித்தது. பல இடங்களின் சராசரியைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட ஆடையைப் பற்றி உறுதி கூற முடியாது என்பதே அங்கு எழுந்த சிக்கல். மானாவாரிப் பருத்திக்கும் கிணற்றுப் பாசனப் பருத்திக்கும் ஒரே நீர்க்கணக்கு எழுதினால் நம் விவசாயியே சிரிப்பார். சராசரியை எங்கே கவனிக்க வேண்டும் என்று அறிய மட்டும் பயன்படுத்துங்கள். உறுதிமொழி தரும் இடத்தில் உங்கள் மின் ரசீதும், விறகுப் பதிவேடும், உப்பு பில்லும் இருக்கட்டும். எந்த ஆய்வை மேற்கோள் காட்டினாலும், அதற்குப் பணம் கொடுத்தவர் யார், சாகுபடியும் சலவையும் கணக்கில் உண்டா என்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு கிலோ துணிக்கான உமிழ்வை 10 ஆண்டுகளில் பாதியாக்குவோம் என்று அறிவிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அறிவிக்கலாம், ஆனால் அதே காலத்தில் உற்பத்தி இரட்டிப்பானால், வளிமண்டலத்துக்குப் போகும் மொத்த அளவு ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது. 2015இல் தொடங்கிய அறிவியல் அடிப்படையிலான இலக்குகள் முன்முயற்சி, புவி வெப்ப உயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தும் பாதைக்கு ஏற்ப, நிறுவனத்தின் நேரடி உமிழ்வையும் வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வையும் அடிப்படை ஆண்டு அளவில் ஆண்டுக்கு 4.2 சதவீதம் என்ற வேகத்தில் குறைப்பதை அளவுகோலாக வைத்தது. 10 ஆண்டுகளில் அது 42 சதவீதம். அதுவும் மொத்த அளவில். உங்கள் ‘பாதி’ இதைவிடப் பெரிதாகத் தோன்றினாலும், விவரமறிந்த பையர் முதலில் கேட்கப்போவது மொத்த டன் கணக்கைத்தான். ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அடிப்படை ஆண்டு எது என்பதையும் குறிப்பிடுங்கள். ஆர்டர் இல்லாமல் ஆலை பாதி நாள் மூடிக்கிடந்த ஆண்டை மட்டும் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம்.