சாஃப்ட் சப்பாத்தி ஜீன் – கடிதம்

வணக்கம் சார்,

கோதுமை ஜீனோம் (அதோட மொத்த டிஎன்ஏ) பத்தி நீங்க எழுதினத படிச்சேன். 2018லயே முழு மேப்பும் போட்டுட்டாங்கன்னு சொல்லியிருந்தீங்க. அப்படின்னா ஒரு சந்தேகம். ஒரே கம்பெனி ஆட்டாதான் வாங்குறோம், ஒரு மாசம் சப்பாத்தி ராத்திரி வரைக்கும் சாஃப்டா இருக்கு, அடுத்த மாசம் தேய்க்கும்போதே சுருங்கிக்குது. சாஃப்ட்னஸுக்கு எந்த ஜீன்னு கண்டுபிடிச்சு எல்லா கோதுமைலயும் கொண்டுவந்துட்டா முடிஞ்சதே? இல்ல, இப்பவே ஜீன் மாத்தின கோதுமையத்தான் சாப்பிட்டுட்டு இருக்கோமா? பிசைஞ்சு ஃபிரிட்ஜ்ல வெச்ச மாவு மறுநாள் கறுத்துப் போறது எதனாலன்னும் வீட்ல கேக்கச் சொன்னாங்க.

கே., கோயம்புத்தூர்

வணக்கம் கே.,

ரெண்டாவது கேள்விய முதல்ல முடிச்சிடுறேன். இல்லங்க. மரபணு மாற்றுக் கோதுமை எதுவும் இந்தியால சாகுபடிக்கு வரல. மேப்பிங்ல ஜீன யாரும் தொடுறதே இல்ல, எது எங்க இருக்குன்னு தேடுறது அவ்வளவுதான்.

எப்படித் தேடுவாங்கன்னா, மாவு நல்லா வர்ற ரகம் ஒண்ணு, சுமாரா வர்றது ஒண்ணு, ரெண்டையும் கிராஸ் பண்ணி நூறு எரநூறு வாரிசு எடுப்பாங்க (இதுல ஒரு குறுக்குவழி இருக்கு, கோதுமைப் பூவுல மக்காச்சோள மகரந்தத்த தடவுவாங்க, கரு உண்டானதும் மக்காச்சோள குரோமோசோம் எல்லாம் தானா காணாம போயிடும், மிஞ்சுற கோதுமை பாதி செட்ட மருந்து வெச்சு ரெட்டிப்பாக்கிடுவாங்க, யாருக்குத்தான் தோணுச்சோ). ஒவ்வொரு வாரிசையும் வேற வேற ஊர்ல வெதச்சு, அறுத்து, அரைச்சு, மாவு எவ்வளவு தண்ணி குடிக்குது, மெஷின் பிசையுறப்ப எத்தனை நிமிஷம் தாங்குதுன்னு அளப்பாங்க. அந்த நம்பர டிஎன்ஏ மார்க்கரோட (டிஎன்ஏல ஒரு இடத்த அடையாளம் காட்டுற குறி) வெச்சுப் பாத்தா, எந்த குரோமோசோம்ல எந்த இடம் ரெண்டுல எந்த ரகத்துல இருந்து வந்தா மாவு உறுதியாகுதுன்னு தெரியும். அந்த இடத்துக்குதான் க்யூடிஎல்னு பேரு. இடம்தான், ஜீன் இல்ல. அந்த இடத்துக்குள்ளயே நூத்துக்கணக்குல ஜீன் இருக்கலாம். கோதுமைல ஏ, பி, டின்னு மூணு குரோமோசோம் செட், மொத்தம் 1600 கோடி டிஎன்ஏ எழுத்து, மனுஷனோட அஞ்சு மடங்கு. 2018 மேப் வந்தப்புறம் தேடுறது சுலபமாச்சு, ஆனா எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்ல.

இப்ப உங்க சாஃப்ட்னஸ். அது ஒரு ஜீன் சமாச்சாரமே கிடையாது. முதல்ல ஒரு வேடிக்கை, சாஃப்ட் சப்பாத்திக்கு வேணும்கிறது ஹார்டு கோதுமை! 5டி குரோமோசோம்ல (டி செட்டுல அஞ்சாவது) பக்கத்து பக்கத்துல பியூரோஇன்டோலின்னு ரெண்டு ஜீன் இருக்கு, ரெண்டும் ஒழுங்கா இருந்தா மணி மெதுவா இருக்கும், பிஸ்கட்டுக்கு அதுதான் நல்லது. ரெண்டுல ஒண்ணு கெட்டாலே மணி கெட்டியாயிடும். கெட்டியான மணிய கல்லுல அரைக்கும்போது ஸ்டார்ச் துகள் உடையுது, உடைஞ்ச ஸ்டார்ச் நெறைய தண்ணி இழுக்கும், அந்தத் தண்ணிதான் தவால ஆவியாகி சப்பாத்திய உப்ப வைக்குது. பாஸ்தா பண்ற டுரம் கோதுமைல டி செட்டே இல்ல, அதனால அந்த ரெண்டு ஜீனும் கிடையாது, கல்லு மாதிரி இருக்கும்.

அடுத்தது குளூட்டன், மாவ இழுபட வைக்கிற புரோட்டீன். 1ஏ, 1பி, 1டி குரோமோசோம்ல இருக்குற குளூட்டெனின் ஜீன்கள்தான் மாவோட இழுவைய பெரும்பாலும் முடிவு பண்ணுது. 1980கள்ல கேம்பிரிட்ஜ்ல பீட்டர் பெய்னும் கூட இருந்தவங்களும் இந்தப் புரோட்டீன்கள ஜெல்ல ஓடவிட்டு தனித்தனியா பிரிச்சு, நம்பர் போட்டு, 1டில 5+10 ஜோடி இருந்தா ரொட்டி நல்லா எழும்புது, 2+12 இருந்தா அவ்வளவு இல்லன்னு காட்டினாங்க. ஒவ்வொரு ரகத்துக்கும் பத்துக்கு இவ்வளவுன்னு மார்க்கே போட்டாங்க. உலகம் முழுக்க இன்னிக்கும் அந்த மார்க்க பாக்குறாங்க, என் கோபமும் அங்கதான். அது பேக்கரி ரொட்டிக்குப் போட்ட மார்க். ஈஸ்ட் விடுற காத்த பிடிச்சு வைக்கிற அளவுக்கு முறுக்கு சப்பாத்திக்கு எதுக்கு? ரொம்ப முறுக்கு இருந்தா நீங்க சொன்ன மாதிரி தேய்க்கத் தேய்க்க சுருங்கும். சப்பாத்திக்கு வேண்டியது நடுத்தரம். இன்னிக்கு ஹரியானாவா இருக்குற பகுதில 1965ல வந்த சி 306 இன்னிக்கும் சப்பாத்திக்கு உதாரணமா சொல்ற ரகம், அத அளவுகோலா வெச்சு நம்ம ஊர் மேப்பிங் இன்னும் நெறைய நடக்கணும்னு நினைக்கிறேன்.

சரி, தெரிஞ்ச ஜீன எல்லாத்துலயும் சேக்கலாமேன்னா, ஒரு இடத்த எடுத்தா கூட ஒட்டிட்டு வேற வந்துடும். 1995ல வந்த பிபிடபிள்யூ 343ங்கிற ரகம் பஞ்சாப் பக்கம் கொடிகட்டிப் பறந்தது, அதுல 1பி குரோமோசோமோட ஒரு கை (ஒரு பக்கத்துத் துண்டு) ரைங்கிற தானியத்துல இருந்து வந்தது. துரு நோய் தாங்குற ஜீன் அதுல வந்துச்சு, கூடவே மாவு பிசுபிசுன்னு ஒட்டுற ரை புரோட்டீனும் வந்துச்சு, அந்தக் கைல இருந்த நம்ம கோதுமையோட குளூட்டன் ஜீன்களும் போச்சு. விவசாயி கண்ணுல அது நல்ல பேரம்தான், நோய் வந்தா சப்பாத்திக்கு மாவே இல்லையே.

மேப் உண்மைல உதவுறது வேற இடத்துல. புது ரகம் எடுக்கும்போது ஆரம்பத்துல ஒரு செடிக்கு ஒரு கைப்பிடி வெதைதான் இருக்கும், அரைச்சு சப்பாத்தி சுட்டுப் பாக்க முடியாது. ஒரு துண்டு இலைல மார்க்கர் பாத்து உதவாதத அப்பவே கழிச்சிடலாம்.

உங்க ஆட்டா மாசத்துக்கு மாசம் மாறுறதுல ஜீன் பாதி கூட இருக்காது. மில்லுல பல மண்டி கோதுமைய கலக்குறாங்க, மணி பால் பிடிக்கிற நேரத்துல வெயில் ஏறினா புரோட்டீன் மாறும், போட்ட யூரியாவ பொறுத்தும் மாறும்.

ஃபிரிட்ஜ் மாவுக்கு காரணம் பாலிஃபீனால் ஆக்சிடேஸ்னு ஒரு என்சைம், வெட்டின கத்திரிக்காய் கறுக்குறதும் இதே வகைதான். இதோட முக்கிய ஜீன்கள் 2ஏ, 2டி குரோமோசோம்ல இருக்கு, கம்மியா சுரக்கிற வடிவத்துக்கு மார்க்கரும் இருக்கு, நூடுல்ஸ் கறுக்கக் கூடாதுன்னு ஆஸ்திரேலியாக்காரங்க இத ரொம்ப நாளா பாத்துப் பாத்து கழிக்கிறாங்க. அந்த என்சைம் அதிகமா தவிட்டுல இருக்கறதால முழு ஆட்டா மைதாவ விட சீக்கிரம் கறுக்கும். காத்து படாம மூடி வெச்சா கொஞ்சம் குறையும்னு வீட்ல சொல்லுங்க, கெட்டுப்போச்சுன்னு கொட்ட வேண்டாம், புளிச்ச வாடை இல்லன்னா தாராளமா சுடலாம்.