சிம்மீஸ் போன்ற உடைகள் உயர்தர ஃபேஷனில் இடம்பெற்றது எப்படி?

உள்ளே அணிய வேண்டியவை என்று கருதப்பட்ட உடைகளைப் பெரிய ஃபேஷன் நிறுவனங்கள் வெளியாடையாக வடிவமைப்பது கவர்ச்சிக்காக மட்டும்தானா என்பது கேள்வி. கவர்ச்சிக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வெட்டும் முறைக்கு உள்ள பங்கு அதைவிடப் பெரிது என்பது என் கருத்து.

நம் வீடுகளில் சிம்மீஸ் என்று சொல்லப்படும் உடையின் வடிவில் அமைந்த 'ஸ்லிப்' கவுனை எடுத்துக்கொள்வோம். 1920களில் பாரிஸில் மேடலின் வியோனே என்ற ஆடை வடிவமைப்பாளர், நம் தையற்காரர்கள் 'கிராஸ்' என்று குறிப்பிடும் முறையில், நூலோட்டத்துக்கு 45 பாகை சாய்வாகப் பட்டுத்துணியை வெட்டி முழு உடைகளையே உருவாக்கினார். அப்படி வெட்டிய துணி, எலாஸ்டிக் எதுவும் இல்லாமலே இழுபட்டு, உடலின் வளைவுகளோடு ஒட்டி வழிகிறது. தன் எடையாலேயே அது நீண்டுவிடும் என்பதால், தைத்த உடையைச் சில மணி நேரமாவது தொங்கவிட்ட பிறகே விளிம்பை மடித்துத் தைப்பார்கள். 1996 டிசம்பரில் நியூயார்க்கின் மெட் காலா விருந்துக்கு இளவரசி டயானா அணிந்து வந்த, டியோர் ஃபேஷன் நிறுவனத்துக்காக ஜான் கலியானோ வடிவமைத்த கருநீலப் பட்டு உடை, மெல்லிய தோள்பட்டிகளும் கறுப்பு லேஸ் விளிம்பும் கொண்டு, பார்வைக்கு இரவுடையாகவே இருந்தது.

கார்செட்டின் கதை வேறு. முன்பு பெண்கள் உள்ளே அணிந்து இடுப்பை இறுக்கிய அந்த உடையை, வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் பக்கங்களில் இழுபடும் துணி வைத்து, மூச்சு விடக்கூடியதாக மாற்றினார். 1990இல் மடோனாவின் உலக இசைப்பயணத்துக்காக ஜான் பால் கோத்தியே அமைத்த கூம்பு வடிவ மார்புக்கச்சையோ, மறைக்க வேண்டியதையே மேடையின் கவசமாக்கியது.