பிரவுசரில் டிரம்ஸ் பதிவு: கேள்வி பதில்

பேண்ட்லேப் மாதிரியான இலவச ஆன்லைன் ஸ்டுடியோக்களில் டிரம்ஸ் பதிவு செய்வதைப் பற்றி மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்த கேள்விகள் இவை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாசிப்பைச் சரிசெய்யாமல் மிக்ஸிங் (பதிவான சத்தங்களைக் கலந்து சமன்செய்வது) பக்கம் போகவே கூடாது.

திருப்பரங்குன்றம், கல்லூரி மாணவர்: அண்ணே, கீபோர்டுல கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்) தட்டினா சத்தம் லேட்டா வருது. லேப்டாப் பழசு. மாத்தணுமா?

வேண்டாம் தம்பி. முதலில் காதில் மாட்டியிருப்பதைப் பாருங்கள். ப்ளூடூத் என்றால் கோளாறு பெரும்பாலும் அதில்தான். ப்ளூடூத்தில் 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை தாமதம் சாதாரணம். 120 டெம்போவில் ஒரு பீட் அரை செகண்ட். அதை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு 125 மில்லிசெகண்ட். ஆக, நீங்கள் தட்டும் அடி ஒரு பங்கு தள்ளித்தான் காதில் விழும். அதைக் கேட்டுக்கொண்டு தாளத்தில் நிற்க யாராலும் முடியாது. வயர் உள்ள இயர்போன் போடுங்கள். மற்ற டேப்களை மூடுங்கள், சார்ஜரைச் சொருகியே வையுங்கள். பேட்டரி சேமிப்பில் பழைய லேப்டாப் இன்னும் மந்தமாகிவிடும். அப்புறமும் சரிவரவில்லையா, மிடி எடிட்டரை, அதாவது அடிகளைக் கட்டங்களில் குறிக்கும் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு அடியாக மவுஸால் வையுங்கள். அதுவும் முறையான வேலைதான்.

மேலூர், சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர்: எலெக்ட்ரானிக் டிரம் கிட்டை யுஎஸ்பியில் இணைத்தேன். ஹெட்போனில் கேட்கும் சத்தம் ஒன்று, பதிவாகும் சத்தம் வேறு. ஏன்?

அந்த வயரில் பல கிட்களில் சத்தமே போவதில்லை. எந்த பேடை, எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்ற மிடி தகவல் மட்டும்தான் போகிறது. அதை வாங்கிக்கொண்டு ஸ்டுடியோ தன்னிடம் இருக்கும் டிரம் கிட்டை ஒலிக்கவிடுகிறது. எனக்குப் பிடித்ததே இந்த வழிதான், ஏனென்றால் நாளைக்கு ஸ்னேர் டிரம்மின் சத்தம் பிடிக்கவில்லை என்றால் திரும்ப வாசிக்காமலே மாற்றிக்கொள்ளலாம். உங்கள் மாட்யூலின் (கிட்டோடு வரும் சத்தப்பெட்டி) சத்தமேதான் வேண்டுமென்றால் அதன் அவுட்புட்டிலிருந்து, ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கொண்டுவர வேண்டும்.

டாம் டிரம்மை அடித்தால் மணிச்சத்தம் கேட்கிறது என்றால் அந்த பேடுக்குரிய நோட் எண் இடம் மாறியிருக்கிறது. பொது மிடி முறையில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹேட் (ஜோடித் தட்டு) 42, திறந்தது 46, கவ்பெல் (மணி) 56. மாட்யூல் செட்டிங்கில் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, மிடி வேலைக்கு குரோம் அல்லது எட்ஜ் திறங்கள். சஃபாரி வலைவழி மிடியை ஆதரிப்பதில்லை.

அலங்காநல்லூர்: பீட் கரெக்டாத்தான் இருக்கு, ஆனா உசுரே இல்ல. என்ன எஃபெக்ட் போடலாம்?

எஃபெக்டே வேண்டாம். மிடி எடிட்டரில் வெலாசிட்டியை, அதாவது ஒவ்வொரு அடியின் பலத்தைக் காட்டும் எண்ணைத் திறந்து பாருங்கள். எல்லா அடியும் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கேதான் உசுர் போகிறது.

பறையைக் கவனியுங்கள். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. இரண்டும் ஒரே பலத்தில் விழுவதில்லை, விழவும் கூடாது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணாக மாற்றினால் போதும். வெலாசிட்டி 127 வரை போகும். ஹை-ஹேட்டில் எட்டு அடி இருந்தால் 95, 58, 84, 52, 92, 60, 80, 66 என்று வைத்துக் கேளுங்கள். ஸ்னேர் முக்கிய அடி 110 பக்கம் இருக்கட்டும்; அதற்கு முன்னால் 30 அளவில் காதில் பட்டும் படாமலும் ஒரு சின்ன அடி வையுங்கள். பாட்டு நடக்க ஆரம்பிக்கும்.

அடுத்தது குவான்டைஸ், அதாவது அடிகளைத் தாளக் கட்டத்தோடு தானாக ஒட்டவைப்பது. எல்லாவற்றையும் கட்டத்துக்குள் இழுத்துப் போடாதீர்கள். கிக், ஸ்னேர் இரண்டை மட்டும் நேராக்கிவிட்டு ஹை-ஹேட்டை நீங்கள் வாசித்தபடியே விடுங்கள். கும்மி மாதிரி திஸ்ர நடையில், மூன்று மூன்றாகப் போகும் பாட்டு என்றால் கட்டத்தையும் மாற்ற வேண்டும். 6/8 தாளம் வையுங்கள், இல்லையென்றால் பீட்டை மூன்றாகப் பிரிக்கும் டிரிப்லெட் கட்டம் எடுங்கள். நாலு நாலாகப் பிரித்த கட்டத்தில் வைத்துக் குவான்டைஸ் செய்தால் நம்மூர் ஆட்டமே செத்துப்போகும். எனக்கு வருகிற பாட்டுகளில் அடிக்கடி பார்த்து மனசு கஷ்டப்படுவது இதற்குத்தான்.

உசிலம்பட்டி: பறையை போனில் பதிவு செய்து டிரம்ஸோடு சேர்க்கிறேன். சத்தம் உடைகிறது.

மைக்கிலேயே உடைந்த சத்தத்தை அப்புறம் ஒட்ட முடியாது, மறுபடி எடுங்கள். ஆறேழு அடி தள்ளி, தோலுக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் போனை வையுங்கள். சின்ன அறையில் எதிரொலி குழப்பும். மொட்டை மாடி எவ்வளவோ மேல். ரெக்கார்டரில் ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். மீட்டர் உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம்.

தோலைத் தீயில் காய்ச்சி எடுத்ததும் பதிவை முடித்துவிடுங்கள். ஆற ஆறச் சுருதி இறங்கும். முதல் சரணமும் கடைசிச் சரணமும் வேறு வேறு பறை மாதிரி கேட்கும்.

சேர்க்கும்போது அலைவடிவத்தைப் பெரிதாக்கி, பறையின் முதல் முள் கிக்கின் முள்ளோடு நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து சத்தம் மெலிந்தால் அலைகள் ஒன்றையொன்று அடிக்கின்றன. பறையை ஓரிரு மில்லிசெகண்ட் நகர்த்துங்கள். பறையில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் கிக்குக்கு இடம் கிடைக்கும்.

திருமங்கலம்: பேஸ் கிடாரும் கிக்கும் மோதுது. கம்ப்ரெஸ்ஸர் போடவா?

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரெஸ்ஸருக்கு முன்னால், அடித்தளம் முதல் உச்சம் வரை தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ. கிக்கை 60 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக்கொண்டு பேஸை அதே இடத்தில் கொஞ்சம் குறையுங்கள். கிக்கில் 300, 400 பக்கம் அட்டைப்பெட்டிச் சத்தம் இருக்கும், அதை இறக்குங்கள். ஸ்டுடியோவோடு வரும் டிரம் சத்தங்கள் பலவும் ஏற்கெனவே கம்ப்ரெஸ் ஆனவை. மேலே மேலே போட்டால் தட்டையாகிவிடும். ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) ஸ்னேருக்குக் கொஞ்சம் போதும், கிக்குக்கு வேண்டவே வேண்டாம்.

வாடிப்பட்டி: ஹெட்போனில் அருமையாக இருக்கிறது. கோவில் திருவிழாவில் ரேடியோ செட்டில் போட்டால் கிக்கையே காணோம்.

குழாய் ஸ்பீக்கர் அடித்தளச் சத்தத்தை வெளியே விடாது. போன் ஸ்பீக்கரும் அப்படித்தான். அதனால் 60 ஹெர்ட்ஸை மேலும் ஏற்றிப் பயனில்லை. கிக்கில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ‘டக்’ என்று ஒரு முனை இருக்கும், அதைத் தூக்குங்கள். லேசாக டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) கலந்தால் மேல் சுருதிகள் பிறக்கும். அவற்றை வைத்துக் காது கிக்கை அடையாளம் கண்டுகொள்ளும். மோனோவிலும் கேட்டுப் பாருங்கள். ஊரெல்லாம் கட்டும் குழாய்களுக்கு இடது, வலது கிடையாது. அகலப்படுத்துகிற எஃபெக்ட் போட்ட ஹை-ஹேட் அங்கே காணாமல் போகலாம்.

வில்லாபுரம்: யூடியூபில் ஏற்ற எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) பக்கம் இருந்தால் நல்லது. அதைவிடச் சத்தமாக ஏற்றினால் யூடியூபே குறைத்துவிடும். நசுக்கிய டிரம்ஸ்தான் மிச்சம். எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாக இறக்கி, வீடியோவோடு சேர்த்து ஏற்றுங்கள்.