அணைத்து வைத்த விளக்குதான் உங்கள் வழக்கு

கேள்வி: என்னுடைய 2021 மாடல் பி.எஸ்.6 (புதிய மாசு விதிப்படி வந்த) டீசல் காரில் புகை வடிகட்டி (டி.பி.எஃப்.) அடிக்கடி அடைத்துக்கொண்டது. புதிதாக மாற்ற கம்பெனி சர்வீஸில் ஒன்றேகால் லட்சம் கேட்டார்கள். நண்பர் சொன்ன ஒரு பட்டறையில் வடிகட்டியின் உட்கூட்டை எடுத்து, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வையும் அடைத்து, மென்பொருளை மாற்றித் தந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன் காரை ஒரு தூரத்து உறவினருக்கு விற்றேன். மெக்கானிக்கோடு வந்து ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னிலையிலும் என்னை மோசடிக்காரன் என்றார். அவர்மீது மானநஷ்ட வழக்கும், பட்டறைமீது நஷ்டஈட்டு வழக்கும் போடலாமா?
— ஈரோடு வாசகர்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்று பக்கம் கல்யாண வீட்டுக்கே போய்விட்டது. அந்த வேதனை நியாயமானதாகவே இருக்கலாம்; வழக்குக்கு அது உதவாது. மானநஷ்ட வழக்குப் போட்டால், அவர் சொன்னது உண்மையா என்பதைத்தான் முதலில் விசாரிப்பார்கள். அந்த விசாரணையை நீங்களே கூப்பிட்டு வரவழைக்காதீர்கள். பட்டறையையும் விடுங்கள். சட்டம் தடுக்கும் வேலையைக் கேட்டுச் செய்துகொண்டவருக்கு, அதே வேலைக்காக நஷ்டஈடு வாங்கித் தர நீதிமன்றம் முன்வராது.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எச்சரிக்கை விளக்கு எரியாதபடி செய்து, பெட்டியையும் பழையபடி வெல்டு வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்." உங்கள் வழக்கு முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது.

மெக்கானிக்கோடு வந்து பார்த்தாரே என்பதை நம்பியிருக்கிறீர்கள். அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. விற்றவர் மௌனமாக இருந்தார், வாங்கியவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது. இது இந்திய ஒப்பந்தச் சட்டம் 19-ஆம் பிரிவின் விதிவிலக்கு. ஆனால் அது மௌனமாக இருந்தவரைக் காப்பாற்றும், மறைத்தவரைக் காப்பாற்றாது. தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை 17-ஆம் பிரிவு மோசடி என்றே சொல்கிறது. எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. உள்ளே கூடு இல்லாத பெட்டி வெளியே முழுதாகத் தெரிகிறது. எந்த மெக்கானிக் குனிந்து பார்த்திருந்தாலும் ஏமாந்திருப்பார். வாங்குகிறவரை ஏமாற்றுவதற்காக அதைச் செய்யவில்லை என்பீர்கள், நானும் நம்புகிறேன். ஆனால் விற்ற அன்று உங்களுக்குத் தெரியும்.

அவர் கண்டுபிடித்த விதத்தையும் கவனியுங்கள். வடிகட்டி நல்ல நிலையில் உள்ள பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகைக்குழாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் கரி ஒட்டாது. அவருடைய விரல் கறுத்தது. அந்தப் புகைப்படத்தை நோட்டீஸோடு இணைத்திருக்கிறார். செல்லுபடியாகும் புகைச் சான்றிதழ் இருந்ததே என்று கேட்டிருக்கிறீர்கள். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனை புகையின் அடர்த்தியை அளக்கிறது. வடிகட்டி உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இனி, உங்களைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய பயம். பதில் நோட்டீஸை நீங்களே எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை அனுப்பாதீர்கள். இதே மாதிரி ஒருவர் என்னிடம் வந்தபோது பதில் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. "வடிகட்டியை எடுத்தது உங்களுக்குத் தெரிந்தேதான் வாங்கினீர்கள்" என்று ஒரே ஒரு வரி. எடுத்தோம் என்பதை ஒப்புக்கொண்டாகிவிட்டது. எதிர்த்தரப்புக்கு நிபுணரை வைத்து அதை நிரூபிக்கும் வேலையே இல்லாமல் போய்விட்டது. அவருக்குத் தெரியும் என்பதை நிரூபிக்கும் பாரம் மட்டும் இவர் தலையில். ஒரு துண்டுக் காகிதம்கூட இவரிடம் இல்லை.

அந்த வரி உரிமையியல் வழக்கோடு நிற்பதும் இல்லை. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வடிகட்டி ஒன்று, இ.ஜி.ஆர். இன்னொன்று என்று கணக்கு ஏறும். அதற்கு மேல் பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ன் கீழ் ஏமாற்றுதல் என்று புகார் போனால் ஏழு ஆண்டு வரை தண்டனைக்கு இடமுண்டு. அவர் இன்னும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. போக வைத்துவிடாதீர்கள். பட்டறைக்காரரோடு வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதையும் இன்றோடு நிறுத்துங்கள், அதுவும் சாட்சியாகும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், நாளை அந்தக் கார் யார்மீதாவது மோதினால் சட்டப்படி உரிமையாளர் நீங்கள்தான். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவருடைய கடமை. வாங்கியவர் செய்வார் என்று விட்டுவிடக் கூடாது.

ஆகவே சமரசம் பேசுங்கள். உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. ஒன்றேகால் லட்சத்தில் முடிய வேண்டியதை வருடக்கணக்கில் நீதிமன்ற வாசலில் இழுத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. கம்பெனி சர்வீஸில் உங்கள் செலவில் புது வடிகட்டி பொருத்தி, இ.ஜி.ஆர்., மென்பொருள் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பில்லை அவர் கையில் கொடுங்கள். அவருடைய வக்கீல் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவரும் இறங்கி வருவார். மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், லைசென்ஸுக்கும் மூன்று மாதத் தடை உண்டு. அதை அவருடைய வக்கீலே அவருக்குச் சொல்லியிருப்பார்.

பேச்சு ஒரு வக்கீல் வழியாக, "உரிமைகளுக்குப் பாதகமின்றி" (பேச்சில் சொன்னதை ஒப்புதலாகக் காட்டக் கூடாது என்று பொருள்) என்ற தலைப்போடு போகட்டும். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற சமரச ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திடும் அன்றே ஆர்.சி. மாற்றத்துக்கான விண்ணப்பமும் போக வேண்டும். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள்.

நோட்டீஸின் 15 நாள் கெடுவில் ஒன்பது நாள் போய்விட்டது. நாளைக் காலை பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதி வைத்த பதிலை வக்கீலிடம் மட்டும் காட்டுங்கள்.